கேம்ப் ரோட்டுல இருந்து மெரினா பக்கம் காலேஜுக்கு தினமும் எப்படி போறது? சென்னை புதுசு, கொஞ்சம் சொல்லுங்களேன்

மன்னை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் மன்னார்குடி பக்கம். பிஎஸ்சி ஃபர்ஸ்ட் இயர், மெரினா பக்கத்துல ஒரு லேடீஸ் காலேஜ்ல சீட் கெடச்சிருக்கு, பேரு வேணாமே, கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல எறங்கி நடக்கற தூரம்னு வெச்சுக்கங்க. ஹாஸ்டல் கெடைக்கல. சேலையூர் கேம்ப் ரோட்டுல சித்தி வீட்ல தங்கிப் படிக்கப் போறேன்.

இப்ப வீட்ல பெரிய சண்டையே இதான். சித்தப்பா என்ன சொல்றாருன்னா பஸ்ஸ புடிச்சு நேரா மேடவாக்கம் வழியா வேளச்சேரி போயி அங்கருந்து பறக்கும் ரயில், அதான் பாலத்து மேல ஓடற ட்ரெயின், அதுல ஏறிடு, ஒரே ஒரு தடவதான் மாறணும்ங்கறாரு. சித்தி என்னடான்னா தாம்பரம் போயி லோக்கல் ட்ரெயின் ஏறு, கோட்டை ஸ்டேஷன்ல மாறி பறக்கும் ரயில புடிங்கறாங்க. மேப்புல பாத்தா ரெண்டும் ஏறக்கொறைய ஒரே நேரம்தான் காட்டுது. போன ஞாயித்துக்கெழம சித்தப்பா சொன்ன ரூட்ல ஒரு தடவ போய்ப் பாத்துடலாம்னு கெளம்பினேன், மேப்புல 1 மணி 20 நிமிஷம்னு இருந்துச்சு, எனக்கு 2 மணி 10 நிமிஷம் ஆச்சு. வேளச்சேரில விஜயநகர் ஸ்டாப்புல எறங்கி ஸ்டேஷன் எங்கன்னு கேட்டா ஒருத்தர் இந்தப் பக்கம்ங்கறாரு இன்னொருத்தர் அந்தப் பக்கம்ங்கறாரு, வெயில்ல நடந்து போயி மேல ஏறுனா ட்ரெயின் அப்பதான் கெளம்பிப் போகுது, வாலு தெரியுது. அடுத்தது வர்ற வரைக்கும் அவ்ளோ பெரிய ஸ்டேஷன்ல நானும் ஒரு நாயும்தான் உக்காந்திருந்தோம்.

எங்க ஊர்ல எனக்கு ஒரே ஒரு பஸ்ஸு. அத விட்டா ஒரு மணி நேரம். ஆனா கண்டக்டர் அண்ணனுக்கு என்னத் தெரியும், ஓடி வர்றத பாத்தா விசில் குடுக்காம நிப்பாரு. இங்க அதெல்லாம் எதிர்பாக்க முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் 9:15க்கு கிளாஸ்ல உக்காரணும், வாரத்துல ரெண்டு நாள் லேப் இருந்தா அஞ்சு மணிக்கு மேலதான் விடுவாங்க. எந்த ரூட் நல்லது, பாஸ் என்னென்ன இருக்கு, சாயங்காலம் தனியா வர பயம் இல்லாம இருக்குமா, இதெல்லாம் தினமும் போயிட்டு வர்றவங்க யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்.

கேம்ப்ரோட்_அக்கா:

தங்கச்சி, நான் அதே கேம்ப் ரோட்டுல இருந்து மூணு வருஷம் மயிலாப்பூருக்குப் படிக்கப் போனவ, அதனால உரிமையோட சொல்றேன், உங்க சித்தி சொல்றதுதான் கரெக்ட்.

மேப்ப நம்பாத. மேப்பு நீ பஸ் ஸ்டாப்புல நிக்கற அந்த நிமிஷமே பஸ் வந்துடும்னு நெனைக்குது. வேளச்சேரி மெயின் ரோட்டுல காலைல எட்டு மணிக்கு மேடவாக்கம் தாண்டி பள்ளிக்கரணை வரைக்கும் ஒரு நாள் போய்ப் பாரு, அப்புறம் என்கிட்ட பேசு. ஒரு நாள் 35 நிமிஷத்துல போயிடும், அடுத்த நாள் அதே பஸ்ஸு அதே டைம் 1 மணி 10 நிமிஷம் ஆகும், எதுக்குன்னே தெரியாது. காலேஜுக்குப் போறவளுக்கு சீக்கிரம் போறத விட தினமும் ஒரே மாதிரி போறதுதான் முக்கியம், அட்டெண்டன்ஸ் போயிடும்ல.

தாம்பரம் ரூட் எப்படின்னா, 6:50, மிஞ்சினா 7 மணிக்கு வீட்ட விட்டு கெளம்பு. கிழக்கு தாம்பரத்துக்கு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ வந்துகிட்டே இருக்கும், அதுக்கு யோசிக்க வேணாம். தாம்பரத்துல ரெண்டு வகை ட்ரெயின் வரும், செங்கல்பட்டுல இருந்து வர்றது ஒண்ணு, தாம்பரத்துலயே கெளம்பறது இன்னொண்ணு. செங்கல்பட்டு வண்டி வரும்போதே கூடுவாஞ்சேரி, வண்டலூர் கூட்டத்த எல்லாம் ஏத்திக்கிட்டுதான் வரும், அதுல ஏறினா கிண்டி வரைக்கும் ஒத்தக் கால்தான். தாம்பரத்துல கெளம்பறத பாத்து ஏறு, லேடீஸ் பொட்டில ஜன்னல் சீட்டே கெடைக்கும். லேடீஸ் பொட்டி எங்க நிக்கும்னு முதல் நாளே யாராச்சும் அம்மாகிட்ட கேட்டு வெச்சுக்க, ரெண்டு நாள்ல உனக்கே பழகிடும், பிளாட்ஃபார்ம்ல எந்தத் தூணுகிட்ட நிக்கணும்னு வரைக்கும். எங்க பொட்டில ஒரு அம்மா தெனமும் குரோம்பேட்டைல ஏறுவாங்க, மடில உதிரிப் பூவ கொட்டி கட்ட ஆரம்பிச்சாங்கன்னா எழும்பூர் வர்றதுக்குள்ள பந்து மாதிரி ஆயிடும். நான் செமஸ்டருக்கு பாதி பாடம் அவங்க பக்கத்துல உக்காந்துதான் படிச்சேன். வெண்டக்கா நறுக்கறவங்க, ஹேர்கிளிப் விக்கறவங்க, போன்ல மாமியார திட்டறவங்க எல்லாம் இருப்பாங்க, அதுக்குள்ளயும் படிக்கலாம்.

தாம்பரத்துல இருந்து கோட்டைக்கு ஒரு மணி நேரம் கிட்ட ஆகும், மாறி கலங்கரை விளக்கத்துக்கு கால் மணி நேரம். மாறும்போது திரும்ப டிக்கெட் எடுக்கணுமோன்னு பயப்படாத, பறக்கும் ரயிலும் ரயில்வேதான், மெட்ரோ இல்ல, தாம்பரத்துலயே கலங்கரை விளக்கம் வரைக்கும்னு கேட்டு ஒரே டிக்கெட்டா எடுத்துக்கலாம். சீசன் டிக்கெட்டும் அப்படியே.

சீசன்னதும் ஞாபகம் வருது. பொண்ணுங்களுக்கு டிகிரி முடிக்கற வரைக்கும் வீட்டுல இருந்து படிக்கற எடத்துக்கு செகண்ட் கிளாஸ் மாச சீசன் இலவசம்னு ரயில்வேல ரூல் இருக்கு. பசங்களுக்கு பன்னெண்டாவது வரைக்கும்தான். நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, எனக்கே செகண்ட் இயர்லதான் தெரிஞ்சது, ஒரு வருஷம் தண்டமா காசு கட்டினேன். காலேஜ் ஆபீஸ்ல சர்டிஃபிகேட் வாங்கிட்டு கவுன்டர்ல போயி கேளு.

பறக்கும்_பயணி:

அக்கா சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். நான் மேடவாக்கம், திருவல்லிக்கேணில வேலை, ஆறு வருஷமா வேளச்சேரி வழிதான்.

தாம்பரம் ரூட்ல பொண்ணு பஸ்ஸு, ட்ரெயினு, இன்னொரு ட்ரெயினுன்னு மூணு வண்டி ஏறணும், அதுவும் தெற்க இருக்கற வீட்டுல இருந்து வடக்க கோட்டை வரைக்கும் போயி திரும்ப தெற்க வரணும். மூக்க தலைய சுத்தி தொடற கதைதான். வேளச்சேரில ஏறினா உக்காந்துதான் போவ, மயிலாப்பூர் தாண்டினா முண்டகக்கண்ணியம்மன் கோயில், அடுத்து கலங்கரை விளக்கம், அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. டிராஃபிக்குதான் பிரச்சனைன்னா 7 மணிக்கு முன்னாடி பஸ் ஏறு. அக்கா தாம்பரத்துக்கே 6:50க்கு கெளம்ப சொல்றாங்கல்ல, அதே 6:50க்கு வி51லயோ 51 சீரிஸ்ல எதுலயோ ஏறினா ரோடு காலியா இருக்கும்.

பஸ்ஸுக்கு உனக்கு காசே கெடையாது. முன்னாடி பிங்க் கலர் அடிச்சிருக்கற பஸ், இல்லன்னா வெள்ளை போர்டு பஸ், இதுல லேடீஸுக்கு 2021ல இருந்து ஃப்ரீ. ஆனா ஃப்ரீன்னு சும்மா உக்காந்துடாத, கண்டக்டர் ஒரு டிக்கெட் குடுப்பாரு, அத வாங்கி கைல வெச்சுக்க, செக்கிங் வந்தா காட்டணும். டீலக்ஸ்ல ஏறிட்டா காசு குடுக்கணும், அவசரத்துல போர்டு பாக்காம ஏறிட்டு கண்டக்டர்கிட்ட சண்டை போடறவங்கள தெனமும் பாக்கறேன்.

ஸ்டேஷனுக்கு விஜயநகர்ல இருந்து நடக்கறது ஒரு பத்து பன்னெண்டு நிமிஷம், அது தொல்லைதான், ஒத்துக்கறேன். ஞாயித்துக்கெழம போயி பாத்துட்டு முடிவு பண்ணாத, ஞாயித்துக்கெழம ட்ரெயின் கம்மி.

கேம்ப்ரோட்_அக்கா:

சரிங்க, 7 மணிக்கு முன்னாடி போறது ஓகே. சாயங்காலம்? அஞ்சரைக்கு லேப் முடிஞ்சு வேளச்சேரில ஆறரைக்கு எறங்கி விஜயநகர்ல பஸ்ஸுக்கு நின்னா, வர்ற எல்லா பஸ்ஸும் தொங்கிக்கிட்டுதான் வரும். ஐடி கூட்டம் மொத்தமும் அந்த நேரம்தான். அப்புறம் ஐப்பசி கார்த்திகைல வேளச்சேரி எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

பறக்கும்_பயணி:

மழைக்கு வாய மூடிக்கறேன். போன தடவ முட்டி தண்ணில செருப்ப கைல புடிச்சுக்கிட்டுதான் வீட்டுக்குப் போனேன்.

பல்லாவரம்_பையன்:

எதுக்கு இவ்ளோ கஷ்டம், மெட்ரோல போக சொல்லுங்க. தாம்பரத்துல ட்ரெயின் ஏறி கிண்டில மாறி மெட்ரோ, ஏசில ஜம்முனு அரசினர் தோட்டத்துல எறங்கி வாலாஜா ரோட்டுல நடந்தா பீச்சு வந்துடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, அனுபவஸ்தன் சொல்றேன். 2025 ஏப்ரல்ல இருந்து நம்ம லோக்கல் லைன்லயே ஏசி ட்ரெயின் ஒண்ணு ஓடுது. அதுக்கு டிக்கெட் தனி, மினிமமே 35 ரூபா, சாதா டிக்கெட் செல்லாது. ஒரு நாள் வெயில்ல நின்னு நின்னு ஒரு வண்டி வந்து கதவு தானா தெறந்துச்சு, ஜில்லுனு காத்து மூஞ்சில அடிச்சுது, ஆஹா ரயில்வேக்கு நல்ல காலம் பொறந்துடுச்சுன்னு ஏறி உக்காந்துட்டேன். சைதாப்பேட்டை தாண்டல, கருப்பு கோட்டு வந்துட்டாரு. ஃபைனே 250 ரூபா, டிக்கெட் காசு தனி. அந்த மாசம் டீ கட்.

பி.கு. நானும் இந்த வருஷம்தான் காலேஜ். பசங்களுக்கு பாஸ் ஏதாச்சும் இருக்கா?

கேம்ப்ரோட்_அக்கா:

தம்பி, அரசினர் தோட்டத்துல எறங்கி பீச்சுக்கு நடக்கறது வேற, அங்கருந்து கலங்கரை விளக்கம் பக்கம் நடக்கறது வேற. புத்தக பைய தூக்கிக்கிட்டு காலைல அவ்ளோ தூரம் நடந்தா முதல் பீரியட்ல தூங்கிடுவா. அதுவும் இல்லாம மெட்ரோக்கு ஒரு நாள் காசுல லோக்கல்ல ரெண்டு மூணு நாள் ஓட்டலாம், தாம்பரம் டு பீச் ஸ்டேஷன் 10 ரூபாதான்.

பென்ஷன்_பார்ட்டி:

குழந்தே, ரெண்டு பேரும் சொல்றது சரிதான், ரெண்டு பேரும் ஒரு விஷயத்த விட்டுட்டாங்க. நான் முப்பது வருஷம் பீச் ஸ்டேஷன் பக்கத்துல ஆபீஸ் போனவன்.

கோட்டையில மாறாதே, பீச்சுக்கே போயிடு. ஒரு ஸ்டேஷன் கூடுதல்தான். பறக்கும் ரயில் பீச்சுலதான் கெளம்பறது, வண்டி நின்னுண்டு இருக்கும், ஏறி உக்காந்துடலாம், ஃபேனுக்கு கீழ எடம் பாத்து. கோட்டையில எறங்கினா படி ஏறி எறங்கி அடுத்த பிளாட்ஃபார்ம் போகறதுக்குள்ள வண்டி போயிடுத்துன்னா நின்னுண்டே இருக்கணும். பூங்கால எறங்கி பூங்கா நகர் ஸ்டேஷனுக்கு நடக்கலாம்னு சிலர் சொல்லுவா, சென்ட்ரல் கூட்டத்துல பெட்டி படுக்கையோட வர்றவா நடுவுல புகுந்து போகணும், வேண்டாம். ஆனா சீசன் எடுக்கும்போதே பீச் வழியான்னு சொல்லி எழுதி வாங்கிக்கோ.

இந்தப் பறக்கும் ரயில் 1995ல வந்தப்போ பீச்சுல இருந்து சேப்பாக்கம் வரைக்கும்தான். 97ல மயிலாப்பூர் வந்தது, வேளச்சேரிக்கு வர 2007 ஆச்சு. பெரிய கூட்டம் வரும்னு நெனச்சு அரண்மனை மாதிரி ஸ்டேஷன் கட்டினா. அதனாலதான் நீயும் நாயும் மட்டும் உக்காந்திருந்தே. பகல்ல ஒண்ணும் பயம் இல்ல. இருட்டினப்புறம் ஒரே ஒரு பழக்கம் வெச்சுக்கோ, வண்டில இருந்து எறங்கின கூட்டத்தோடயே படி எறங்கிடு, போன் பாத்துண்டு பின்னாடி தனியா நிக்காதே. பிளாட்ஃபார்ம்ல காத்திருக்கும்போது நடுவுல நாலு பேர் நிக்கற எடத்துல நில்லு, கோடிக்குப் போகாதே. ரயில்ல ஏதாவது தொந்தரவுன்னா 139க்கு போன் பண்ணு. மத்தபடி ஆபீஸ் விட்டு வர்ற பொம்மனாட்டிகள் நெறைய பேர் இருப்பா, நாலு நாள்ல மொகம் பழகிடும்.

ஞாயித்துக்கெழம பராமரிப்பு வேலைன்னு லோக்கல் வண்டிய அடிக்கடி ரத்து பண்ணுவா, முதல் நாளே பேப்பர்ல போட்டுடுவா. அன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு வெச்சா பாத்துக்கோ.

ஊருக்குப் போறதுக்கு எழும்பூர் போகாதே. மன்னை எக்ஸ்பிரஸ் தாம்பரத்துல நிக்கும். பஸ்ஸுன்னா கிளாம்பாக்கம், உனக்கு அதுவும் கிட்டதான்.

மன்னை_பொண்ணு:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், சாரி. எல்லாருக்கும் ரொம்ப தேங்ஸ்.

முதல் வாரம் அக்கா ரூட், ரெண்டாவது வாரம் வேளச்சேரி ரூட்னு மாத்தி மாத்தி போயி நோட்டுல எழுதி வெச்சேன், சித்தப்பா சிரிச்சாரு. காலைல வேளச்சேரி வழிதான் சீக்கிரம், 6:50க்கு ஏறினா 8:15க்கெல்லாம் காலேஜ் வாசல், கேட்டு தெறக்கறதுக்கு முன்னாடி வாட்ச்மேன் ஐயாகிட்ட பேசிக்கிட்டு நிக்கறேன். ஆனா 7:10க்கு ஏறின அன்னிக்கு முதல் பீரியட் பாதி போச்சு. இருபது நிமிஷத்துக்கு இவ்ளோ வித்தியாசமான்னு இன்னும் நம்ப முடியல. சாயங்காலம் அந்த வழி வேணவே வேணாம். ஒரே ஒரு நாள் வந்தேன், விஜயநகர்ல நாலு பஸ்ஸ விட்டு அஞ்சாவதுல படியில ஒரு காலு, யாரோ ஒரு அக்கா பைய வாங்கி மடில வெச்சுக்கிட்டாங்க, வீட்டுக்கு வர 8:20. சித்தி வாசல்லயே நின்னாங்க. அன்னியோட சரி.

அதனால காலைல வேளச்சேரி, சாயங்காலம் கலங்கரை விளக்கத்துல ஏறி பீச் போயி தாம்பரம் ட்ரெயின். சாயங்காலம் பீச்சுல ஏறினா சீட்டு கெடைக்குது, தாத்தா சொன்னது அப்படியே உண்மை. எழும்பூர்ல ஏறறவங்க பாவம் நின்னுக்கிட்டே வர்றாங்க. நேரம் அதிகம்தான், ஆனா உக்காந்து ரெக்கார்டு எழுதிடறேன், ட்ரெயின் ஆடறதுல கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குன்னு மேடம் கேட்டாங்க.

சீசனுக்கு ஆபீஸ்ல கேட்டேன். முதல்ல அப்படி ஒண்ணு இருக்கான்னு அவங்களே கேட்டாங்க, அப்புறம் ஒரு வயசான சார் பீரோல இருந்து பழைய ஃபாரம் தேடி எடுத்து குடுத்தாரு. கையெழுத்து வாங்கியாச்சு, நாளைக்கு தாம்பரம் கவுன்டர்ல குடுக்கணும். அதுவரைக்கும் போன்ல ரயில்ஒன் ஆப்ல டிக்கெட் எடுக்கறேன், ஸ்டேஷன் உள்ள வந்துட்டா எடுக்க விடல, வெளிய ஒட்டி வெச்சிருக்கற க்யூஆர ஸ்கேன் பண்ண சொல்லுது, இது தெரியாம ஒரு நாள் படிக்கட்டுல மேலயும் கீழயும் ஓடினேன்.

அக்கா, பூ கட்டற அம்மா ஒருத்தவங்க சாயங்காலம் வண்டில வர்றாங்க, குரோம்பேட்டைலதான் எறங்கறாங்க. காலைல கட்டறதுக்கு பதிலா இப்ப மிச்சம் இருக்கறத முழம் போட்டு வித்துக்கிட்டே வர்றாங்க. உங்க ஆளான்னு தெரியல. பேரு கேக்கட்டுமா?

கேம்ப்ரோட்_அக்கா:

கேளு கேளு. இடது கைல பச்சை குத்தியிருந்தா அவங்கதான். மயிலாப்பூர் காலேஜுக்கு போன பொண்ணு, எப்பவும் ஜன்னல் சீட்டு கேட்டு சண்ட போடும்னு சொல்லு, தெரியும்.

பல்லாவரம்_பையன்:

எல்லாம் சரி, பசங்களுக்கு பாஸ் இருக்கான்னு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கேட்டேன், ஒருத்தரும் மதிக்கல.

பறக்கும்_பயணி:

தம்பி, கவர்மென்ட் காலேஜ்னா பஸ் பாஸ் ஃப்ரீ, காலேஜ் மூலமா வரும். ப்ரைவேட்னா பாதி காசு. ரெண்டும் ஒத்து வரலன்னா மாசம் 1000 ரூபா பாஸ் இருக்கு, ஏசி தவிர எந்த எம்டிசி பஸ்லயும், அதான் சென்னை டவுன் பஸ்லயும், இஷ்டத்துக்கு ஏறலாம். ட்ரெயின்ல உனக்கு ஃப்ரீ கெடையாது, ஸ்டூடண்ட் சீசன் பாதி வெலைக்கு உண்டு. ஏசி ட்ரெயின்ல அது செல்லாது, ஏறிடாத.